நாற்பத்தொரு குறையுள்ள வண்டி

விளம்பரம் வெளியான அன்று காலை எட்டு மணிக்குள் அவர் ஏழு தடவை முற்றத்துக்குப் போய்விட்டு வந்துவிட்டார். அங்கே போய்ப் பார்க்கப் புதிதாக ஒன்றும் இல்லை. முப்பத்தொரு வருடமாக நிற்கிற அதே இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு முதுகும் வெளிக்கதவுக்கு மூக்குமாக, வண்டி நின்றது. ஆனாலும் மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார், நடந்து போய் முன்டயரை ஓர் உதை உதைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்த டயர் என்ன பாவம் செய்ததோ!

"டீ ஆறுது" என்றாள் மனைவி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடி.

"ஆறட்டும்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. கடைசியில ஆறின டீயை நான்தான் குடிச்சேன்."

விளம்பரத்தை எழுதி வெளியிட்டவள், தூரத்து நகரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவர்களுடைய ஒரே மகள். 'விற்பனைக்கு: பழைய ராணுவ லாரி. நான்கு சக்கரமும் இழுக்கும். முன்பக்கம் வின்ச் உண்டு. ஓடும் நிலையில் உள்ளது. நேரில் வந்து பார்க்கலாம்.' இவ்வளவுதான். 'குறைகள் ஏராளம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி அப்பா மூன்று முறை போன் போட்டார். "அப்பா, விக்கறதுக்கு விளம்பரமா, விரட்டறதுக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

ஊரில் அவரை இழுவைக்காரர் என்பார்கள். அதுதான் அவர் தொழில். சேற்றில் புதைந்த லாரி, பள்ளத்தில் இறங்கிய கார், ஓடைக்குள் மூக்கைக் கொடுத்துவிட்டு மாட்டேன் என்று அடம்பிடிக்கிற டிராக்டர் எதுவானாலும் இவருக்குத்தான் போன் வரும். போய், வின்ச் உருளையில் சுற்றியிருக்கும் இரும்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டி, எதிரே ஒரு நல்ல மரமாகப் பார்த்து நங்கூரம் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து வெளியே போடுவார். சிக்கிய வண்டிக்காரர் நன்றி சொல்வதற்குள் அடுத்த இடத்துக்குக் கிளம்பியிருப்பார்.

அதற்கு முன்னால் அவருக்கு ஒரு நாற்காலி வேலை இருந்தது என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். லாரிகளை எடை போடுகிற ஒரு எடைமேடையில் சீட்டு எழுதுகிற குமாஸ்தாவாகப் பதினோரு மாதம் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதே பேச்சுக்குத்தான். லாரி வருவதற்கு முன்பே எழுந்து ரோட்டுக்குப் போய் வரவேற்பார், போகும்போது கூடவே பாதி தூரம் நடந்து வழியனுப்புவார். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காராமல் தட்டைக் கையில் ஏந்தியபடி உலாத்துவார். முடி வெட்டுகிறவர் அவருக்கு மட்டும் வேலையை முடித்ததும் இரண்டு காதும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார். இப்படிப்பட்டவர் ஒருநாள் ராணுவ முகாமில் ஏலம் போடுகிறார்கள் என்று வேடிக்கை பார்க்கப் போய், இந்த லாரியோடு வீட்டுக்கு வந்தார்.

கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மனைவி வாசலில் வந்து நின்று, இரண்டாகப் பிளந்த முன்கண்ணாடியையும், மொத்தையான மூக்கையும், சேற்று நிறத்தையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"எருமை மாதிரி இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அதற்கு எருமை என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெயருக்கு ஏற்ற மாதிரியே அதுவும் சேற்றைக் கண்டால் குஷியாகிவிடும்.

மனைவி அவருக்கு நேர் எதிர். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மழை நாட்களில் அவர் கிளம்பிப் போனதும் ஜன்னலோரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, மடியில் ஏதாவது கைவேலையை வைத்துக்கொண்டு, எருமையின் சத்தம் திரும்பி வருகிற வரைக்கும் அசைய மாட்டாள். "உங்க வீட்டுக்காரருக்குச் சேர்த்து நீங்க உக்காந்திருக்கீங்க" என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வீட்டுக்குக் கீழே இருக்கிற வளைவில் ஒரு பால் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. இழுவைக்காரர் போய் இழுத்துக்கொண்டிருந்தபோது கொக்கி தெறித்து வந்து அவர் தோளில் அடித்தது. அடித்த அடியில் தோள் எலும்பு நொறுங்கி, தலை கல்லில் மோதி, நினைவு தப்பிவிட்டது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். சற்றுத் தாமதித்திருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னார்.

"யாரு கொண்டாந்து சேர்த்தா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நம்ம வண்டியிலதான் கொண்டாந்தாங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

பால் வண்டி பள்ளத்தில் கிடந்தது. பக்கத்தில் இருந்த ஒரே ஓட்டுநர் பால்காரர். வேறு யார் ஓட்டியிருக்க முடியும்? அவராகவே கணக்குப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் ஒரு சட்டைத் துணியும் ஒரு பெட்டி இனிப்பும் வாங்கிக்கொண்டு பால்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். "எனக்கு எதுக்குண்ணே இதெல்லாம்" என்று பால்காரர் நெளிவார். என்ன அடக்கம், என்ன பெருந்தன்மை என்று இவர் நெகிழ்ந்துபோவார். பதினோரு சட்டைத் துணி கொடுத்தாகிவிட்டது.

தோள் ஒட்டியது. ஆனால் பழைய பலம் வரவில்லை. எருமையின் ஸ்டீயரிங் சும்மா திரும்பாது, மல்லுக்கு நின்றுதான் திருப்ப வேண்டும். போன மழையில், பாதி தூரம் இழுத்து மேலே கொண்டுவந்த ஒரு காரை, சரியான நேரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாமல் திரும்பவும் பள்ளத்திலேயே விட்டுவிட்டார். காருக்குள்ளே ஆள் இருந்தான். தெய்வாதீனமாக அவனுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் இவருக்கு உள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்து, முகம் கழுவாமல், நடந்ததை மனைவியிடம் சொன்னார்.

"போதும்" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லுக்கு அவர் தலையாட்டினார். வண்டியை விற்றுவிட்டு மகள் இருக்கிற நகரத்தில், மூன்றாவது மாடியில் பார்த்து வைத்திருக்கிற வீட்டுக்குக் குடிபோவதாக வாக்குக் கொடுத்தார். இந்த மாதக் கடைசி வரை கெடு. பாத்திர பண்டமெல்லாம் பெட்டியில் ஏறியாகிவிட்டது. எருமைதான் பாக்கி.

வாக்குக் கொடுத்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் மனதைக் குடைந்துகொண்டிருந்தது. மூன்றாவது மாடியில், வண்டி இல்லாத ஒரு காலையில், டீ குடித்த பிறகு நான் என்ன செய்வேன்? யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. கேட்டால் சிரிப்பார்கள். எட்டாவது தடவையாக எழுந்து முற்றத்துக்குப் போனார்.

முதலில் வந்தவர் ஒரு உணவக முதலாளி. வாசனைத் தைலம் பூசியிருந்தார். லாரியைச் சுற்றி வந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அருமையா இருக்குங்க. எங்க வாசல்ல நிறுத்தி, பின்னாடி மண்ணைக் கொட்டி, பூச்செடி வெச்சுட்டா... வர்றவங்க எல்லாம் போட்டோ எடுப்பாங்க."

"ஓட்ட மாட்டீங்களா?"

"எதுக்கு ஓட்டணும்? டயரைக்கூட கழட்டிட்டுக் கல்லு மேல உக்கார வெச்சிடுவோம்."

கல்லு மேல உக்கார வைக்கிறதாம். இழுவைக்காரருக்குத் தன்னையே நாற்காலியில் கட்டிப்போடப் போவதாகச் சொன்ன மாதிரி இருந்தது. "வண்டி வித்துப்போச்சுங்க" என்றார் முகத்தில் அடித்தாற்போல். உணவகக்காரர் போனதும், உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "யாருக்கு வித்தீங்க?"

இரண்டாவதாக வந்தவர் பழைய வண்டிகளைச் சேகரிக்கிறவர். கையில் பூதக்கண்ணாடி. இந்தத் திருகாணி அசலா, அந்தக் கைப்பிடி அசலா என்று குடைந்தார். இழுவைக்காரர் இதற்காகவே காத்திருந்தவர்போல உள்ளே ஓடி ஒரு நோட்டை எடுத்து வந்தார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் மூன்றாம் வகுப்பில் பாதி எழுதி விட்ட கணக்கு நோட்டு அது. மிச்சப் பாதியில், வண்டியில் எப்போது என்ன கோளாறு கண்டாலும் எண் போட்டு எழுதி வைப்பார். சரிசெய்ததும் அடித்துவிடுவார். அடிக்கப்படாமல் நிலைத்து நின்றவை மொத்தம் நாற்பத்தொன்று. ஒன்று: ஹாரன் அடித்தால் வைப்பரும் ஓடும். நாலு: டீசல் முள் எப்போதும் நிறைந்தே காட்டும், நம்பக் கூடாது. ஒன்பது: பிரேக்கை இரண்டு தடவை மிதித்தால்தான் மூன்றாவது மிதிக்கு நிற்கும். பதினாறு: மழை பெய்தால் ஓட்டுநரின் வலது முழங்காலில் மட்டும் சொட்டும். இருபத்திரண்டு: பக்கத்து இருக்கையின் கதவைத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும்.

நிதானமாக, ஒன்று விடாமல், ரசித்து ரசித்துப் படித்தார். இருபத்தெட்டாவது குறையில் சேகரிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தைந்தில் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டார். நாற்பத்தொன்று வரை அவர் இருக்கவில்லை.

"உண்மையைத்தானே சொன்னேன்" என்றார் இழுவைக்காரர், மனைவியின் பார்வையைத் தாங்க முடியாமல்.

"உண்மையைச் சொன்னதுல குத்தமில்லை. சொல்லும்போது உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம் எதுக்குன்னுதான் தெரியலை."

பிடிபட்டுவிட்டார். அசடு வழிந்துகொண்டே போய் டயரை உதைத்தார்.

மூன்றாவதாக, மறுநாள் காலையில் வந்தவர் ஒரு பெண் கால்நடை மருத்துவர். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சட்டைப் பையில் வெப்பமானி. வணக்கம் சொன்ன கையோடு வண்டிக்கு அடியில் படுத்து உள்ளே போய்விட்டார். வெளியே பூட்ஸ் மட்டும் தெரிந்தது. ஐந்து நிமிடம் கழித்து, முகத்தில் கிரீஸோடு வெளியே வந்தார்.

"மலை மேல இருக்கிற பண்ணைக்கெல்லாம் போகணுங்க. மழைக்காலத்துல என் கார் பாதி வழியில நின்னுடுது. போன மாசம் ஒரு மாட்டுக்குப் பிரசவம். நான் நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள கன்னு போயிடுச்சு" என்றார். சொல்லிவிட்டு முகத்துக் கிரீஸைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

இழுவைக்காரருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுதான் தொல்லை. இவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று தெரிந்துவிட்டது. நோட்டைக் கொண்டுவந்து படித்தார். இந்த முறை ரசிக்கவில்லை. கடகடவென்று, பாடம் ஒப்பிப்பதைப்போல் படித்தார். மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, ஒன்பதாவதை மட்டும் திருப்பிப் படிக்கச் சொன்னார். நாற்பத்தொன்றும் முடிந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் டாக்டரம்மா. நான் ஒண்ணையும் மறைக்கிறவன் இல்லை."

"குறை தெரிஞ்ச வண்டின்னா பயமில்லைங்க. குறையே இல்லைன்னு சொல்ற வண்டியைத்தான் நம்ப முடியாது. ஓட்டிப் பாக்கலாமா?"

சாவியைக் கொடுத்தார். கொடுத்த கை சற்று நேரம் அப்படியே நீண்டிருந்தது. மருத்துவர் ஏறி உட்கார்ந்து, கிளப்பினார். எருமை ஒரு முறை செருமி, உறுமி, உடம்பைக் குலுக்கிக்கொண்டு உயிர்பெற்றது. இழுவைக்காரர் வெளிக்கதவை அகலத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். மருத்துவர் கியர்த் தடியை முன்னால் தள்ளி, கிளட்ச்சை விட்டார்.

வண்டி பின்னால் போயிற்று.

"பிரேக்கு! பிரேக்கு!" என்று இழுவைக்காரர் கத்தினார். மருத்துவர் மிதித்தார். ஒரு தடவை மிதித்தார், இரண்டு தடவை மிதித்தார். மூன்றாவது மிதிக்கு வண்டி நின்றது, ஒன்பதாவது குறையில் எழுதியிருந்த மாதிரியே. ஆனால் இரண்டாவது மிதிக்கே தண்ணீர்த் தொட்டியின் முன்சுவர் போயிருந்தது. காலையில்தான் வாய்வரை நிரப்பி வைத்த தொட்டி. அவ்வளவு தண்ணீரும் ஒரே மூச்சில் முற்றத்துக்குள் பாய்ந்தது. மருத்துவர் பதறிப்போய், முன்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று தடியை இன்னும் பலமாக முன்னால் தள்ளி மிதிக்க, பின்சக்கரங்கள் வானத்துக்கும் பூமிக்குமாகச் சேற்றை வாரி இறைத்துவிட்டு அச்சு வரை புதைந்தன.

ஊரில் உள்ள அத்தனை வண்டிகளையும் சேற்றிலிருந்து தூக்கிவிட்ட எருமை, சொந்த வீட்டு முற்றத்தில் சிக்கிக்கொண்டு நின்றது.

இழுவைக்காரர் தலைதெறிக்க ஓடினார். இந்த மாதிரி வண்டியில் முன்சக்கரங்கள் சும்மா இழுக்காது. இறங்கிப் போய், இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் இருக்கிற பூட்டைக் கையால் திருப்பிவிட வேண்டும். திருப்பப் போனவர் வழுக்கி, அந்தப் பாழாய்ப்போன தோளே தரையில் படும்படி விழுந்தார். எழுந்து உட்கார்ந்தார். அதற்கு மேல் கையைத் தூக்க முடியவில்லை. மருத்துவர் குதித்து இறங்கி, அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. முதல் கியர்னு நெனச்சுத்தான் முன்னாடி தள்ளினேன்..."

"முன்னாடி தள்ளினா எப்படி முதல் கியர் விழும்? பின்னாடி இழுத்தாத்தானே விழும்! எல்லா வண்டியிலயும்..."

எல்லா வண்டியிலும் இல்லை. அவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால் கியர்பெட்டி உடைந்தது. ஒரு பழைய இரும்புக் கடையில் வேறொரு லாரியின் பெட்டியை எடுத்துப் பொருத்தினார். தடியையும் பெட்டியையும் இணைக்கிற கம்பிகளை அவரே வளைத்துச் செய்தார். பூட்டி முடித்துப் பார்த்தால், முன்னால் போக வேண்டியது பின்னாலும், பின்னால் போக வேண்டியது முன்னாலும் விழுந்தது. 'கழட்டி மாத்திடுங்க' என்றார் கூட இருந்த மெக்கானிக். 'மழை வருது, ஒரு வாரம் ஓட்டிட்டு மாத்திக்கலாம்' என்றார் இவர். அந்த ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. பழகிய பிறகு அது குறையாகவே தெரியவில்லை. அதனால் நோட்டிலும் ஏறவில்லை. ஒரு தடவை மாப்பிள்ளையின் காரை எடுக்கப்போய் வெளிக்கதவில் இடித்துவிட்டு, 'மாப்பிள்ளை வண்டியில ஏதோ கோளாறு' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் இவர்.

முகத்தில் ஈயாடவில்லை. "மறந்துட்டேன் டாக்டரம்மா" என்றார். "சத்தியமா மறைக்கலை. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

"நாப்பத்தொண்ணு சொன்னவரு நாப்பத்திரண்டாவதை மறைப்பாரா?" என்றார் மருத்துவர்.

ஆனால் இழுவைக்காரருக்கே தன்மேல் நம்பிக்கை வரவில்லை. மறந்தேனா? இல்லை, என்னைத் தவிர வேறு யாரும் இதை ஓட்டிவிடக் கூடாது என்று உள்ளே இருக்கிற ஒருத்தன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தானா? அவமானத்தில் காது சுட்டது. இந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

"நகருங்க" என்றது ஒரு குரல்.

மனைவி. கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். செருப்பைக் காய்ந்த இடத்தில் ஜோடியாகக் கழற்றி வைத்தாள். சேற்றில் இறங்கி, குனிந்து, ஒரு முன்சக்கரத்தின் பூட்டைத் திருப்பினாள். சுற்றிப் போய் அடுத்ததையும் திருப்பினாள். ஏறி உட்கார்ந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஒரு மடித்த சாக்கை எடுத்து, உயரத்துக்காகத் தனக்குக் கீழே போட்டுக்கொண்டாள். சின்னத் தடியை இழுத்து நாலு சக்கரத்தையும் இணைத்தாள். பெரிய தடியைப் பின்னால் இழுத்தாள். கிளட்ச்சை, தூங்குகிற குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை எடுக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

எருமை ஒரு பெருமூச்சு விட்டுச் சேற்றிலிருந்து எழுந்தது. எழுந்து, நிதானமாக நடந்து, காய்ந்த தரையில் போய் நின்றது.

இழுவைக்காரருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. இந்தக் கியர் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரியாதவன் தொட்டால் வண்டி பின்னால்தான் போகும். அப்படியானால் அன்றைக்கு, வளைவில், நான் நினைவில்லாமல் கிடந்தபோது, பால்காரர் எப்படி ஓட்டினார்?

அவர் ஓட்டவில்லை.

மருத்துவர் சேறு படிந்த கையைத் தட்டிவிட்டு, "அம்மா ஓட்டறதைப் பாத்தா எனக்கும் தைரியம் வருதுங்க. தொட்டியை என் செலவுல கட்டிக் கொடுத்துடறேன். நாளைக்கு வந்து வண்டியை எடுத்துக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு சுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, நான் பின்னாடி நின்னு கையைப் பாத்துக்கறேன்" என்றார். சொன்னதோடு பின்தட்டில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்ஜன்னல் வழியாகக் குனிந்து நின்றார்.

"ஏறுங்க" என்றாள் மனைவி.

பழக்க தோஷம், அவர் ஓட்டுநர் கதவுக்கே போனார். அங்கே அவள் இருந்தாள். திரும்பி, வண்டியின் மூக்கைச் சுற்றி, அந்தப் பக்கக் கதவுக்குப் போய் இழுத்தார். திறக்கவில்லை.

"தூக்கி இழுங்க. இருபத்திரண்டாவது குறை" என்றாள் உள்ளேயிருந்து.

வண்டி வெளிக்கதவைத் தாண்டி ரோட்டில் இறங்கியது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அவர் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வளைவு வந்தது. பால் வண்டி விழுந்த அதே பள்ளம். இப்போது புல் மண்டிக் கிடந்தது.

"அன்னிக்கு நீதானா?"

"பால்காரர்தான் மொதல்ல ஏறினாரு. ஏறி, பின்னாடி போனாரு. உங்க மேல ஏத்தியிருப்பாரு. இறக்கிவிட்டுட்டு நான் ஏறிட்டேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவருகிட்ட சத்தியம் வாங்கினேன்."

"பதினோரு சட்டைத் துணி!"

"பாவம், வருஷா வருஷம் என்கிட்ட வந்து, 'அண்ணி, இந்த வருஷமாவது சொல்லிடுங்க, மனசு உறுத்துது'ன்னு கெஞ்சுவாரு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "எப்பக் கத்துக்கிட்ட?"

"கத்துக்கலை. மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் புள்ளையை மடியில வெச்சுக்கிட்டு இந்த சீட்டுல உக்காந்து வந்தேன்ல, அப்ப உங்க கையைத்தானே பாத்துக்கிட்டு வருவேன். வேற என்ன வேலை எனக்கு?"

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

மேடு ஏறி, கியரை மாற்றி, இறக்கத்தில் விட்டாள்.

"உங்களை ஸ்ட்ரெச்சர்ல உள்ள கொண்டு போயிட்டாங்க. வண்டியை எடுத்து ஓரமா நிறுத்தச் சொன்னாங்க. எடுத்தேன். நிறுத்தலை. ஆஸ்பத்திரியைச் சுத்தி ரெண்டு சுத்து சுத்தினேன். நீங்க பொழைப்பீங்களான்னு தெரியாது. கண்ணுல தண்ணியாக் கொட்டுது. ஆனா இறங்க மனசு வரலை. அவ்வளவு பிடிச்சிருந்துது. இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளான்னு எனக்கே என் மேல அருவருப்பாப் போச்சு."

ஒரு வளைவை நிதானமாகத் திருப்பிவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? வா வான்னு கூட்டிக்கிட்டுப் போவீங்க. நானும் வந்துடுவேன். அப்புறம் எனக்கும் உங்களை மாதிரி கால் தரையில பாவாது. ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைக்கு யாரு கதவைத் திறக்கறது? வீட்டுல ஒருத்தராவது உக்காந்திருக்கணும்ல. அதான் உக்காந்துட்டேன்."

எல்லோரும் அவளைப் பொறுமைசாலி என்று சொன்னபோது அவரும் சேர்ந்து தலையாட்டியிருக்கிறார். ஜன்னலோரத்து முக்காலியில் அவள் பாட்டுக்கு நிம்மதியாக இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தார். மூன்றாவது மாடியில் நான் என்ன செய்வேன் என்று இத்தனை நாள் தன்னைத் தானே கேட்டுக் குடைந்துகொண்டிருந்தாரே, அவள் என்ன செய்வாள் என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் பக்கம் திரும்பினார். திரும்பியதில் தொடையில் சுரீர் என்று ஏதோ குத்தியது.

"ஆ! என்னது இது?"

"சுருள் கம்பி. உறை கிழிஞ்சு வெளிய வந்திருக்கு."

"எப்பலேருந்து?"

"வாங்கின நாள்லேருந்தே."

"நோட்டுல இல்லையே!"

"நோட்டு உங்க சீட்டுல உக்காந்து எழுதினது" என்றாள் அவள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீடு தெரிந்தது. திறந்து கிடந்த வெளிக்கதவும், உடைந்த தொட்டியும், சேறான முற்றமும், காய்ந்த இடத்தில் ஜோடியாக இருந்த செருப்பும் தெரிந்தன. திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவள் திருப்பவில்லை. வண்டி வேகம் குறையாமல் வீட்டைத் தாண்டிப் போயிற்று. பின்தட்டிலிருந்து மருத்துவர் கூரையைத் தட்டினார். ஒரு தரம், இரண்டு தரம்.

இழுவைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"டாக்டரம்மா, கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்று கத்தினார். "இன்னொரு சுத்து போயிட்டு வர்றோம்."

தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுருள் கம்பி அதே இடத்தில் குத்தியது. அவர் அசையவில்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.